வழக்காடும் உரிமையில் பிறந்த ஐரோப்பா

(புதுச்சேரியில் சட்ட மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பியர்களை ஒரே கூட்டமாகப் பிணைப்பது எது என்ற கேள்விக்கு ஆயத்தமான பதில்கள் சில உண்டு. கிறிஸ்தவ சமயம் என்பார் சிலர். கிரேக்கச் சிந்தனை, ரோமானிய ஆட்சி, மறுமலர்ச்சி என்று அடுக்குவார் வேறு சிலர். ஆனால் அந்தச் சமயத்தின் பெயரால்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கிரேக்கத்தையும் ரோமையும் ஒன்றுபோலப் படித்த நாடுகள்தான் 1914இலும் 1939இலும் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்தன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் மட்டும் 24. எல்லோரும் சேர்ந்து படிக்கும் செய்தித்தாள் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை.

நான் இன்று முன்வைக்கும் பதில் சட்டம். சட்டப் புத்தகத்தையோ அரசியல்வாதிகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையையோ மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. ஒரு சாதாரண ஆள், அண்டை நாட்டாருக்கும் தனக்கும் பொதுவான ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் சொந்த அரசாங்கத்தை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்று வெல்ல முடிகிறது என்ற அனுபவத்தைச் சொல்கிறேன். ஐரோப்பியர் என்ற உணர்வு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எங்காவது உண்மையாகப் பிறந்திருக்கிறது என்றால் அது அந்த அனுபவத்தில்தான். அது மெல்லிய உணர்வுதான். இருந்தாலும் யாருடைய இரத்தமும் சிந்தாமல் உருவானது என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வழக்குகளிலிருந்தே தொடங்குகிறேன். 1960 செப்டம்பரில் வான் கெண்ட் என் லோஸ் என்ற டச்சுப் போக்குவரத்து நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளை நெதர்லாந்துக்குள் கொண்டுவந்தது. 3 சதவீதமாக இருந்த சுங்க வரியை 8 சதவீதமாகக் கேட்டார்கள் அதிகாரிகள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், 1957இல், நெதர்லாந்து உட்பட ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. தங்களுக்குள் புதிய சுங்க வரி விதிப்பதில்லை, இருப்பதைக் கூட்டுவதில்லை என்று அதன் 12ஆம் பிரிவு சொன்னது. நிறுவனம் ஆம்ஸ்டர்டாமில் இருந்த சுங்கத் தீர்ப்பாயத்துக்குப் போய், அந்தப் பிரிவின்படி கூடுதல் வரி செல்லாது என்றது. தீர்ப்பாயம் விசாரணையை நிறுத்திவைத்து, லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஒரு கேள்வி அனுப்பியது. அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையை ஒரு தனி ஆள் எடுத்துக் காட்டி உரிமை கேட்க முடியுமா?

முடியாது என்று வாதிட்டன நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று அரசாங்கங்கள். உடன்படிக்கை எங்களுக்குள் உள்ளது. ஒருவர் மீறினால் இன்னொருவர் முறையிடுவார். வணிகருக்கு இதில் என்ன வேலை? அதுவரை உலகம் அறிந்த சர்வதேசச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அந்த நீதிமன்றத்துக்கே ஆலோசனை கூறும் தலைமை வழக்குரைஞர் கார்ல் ரோமர்கூட அந்தப் பிரிவைத் தனி ஆள் பயன்படுத்த இயலாது என்றுதான் கருத்துரைத்தார். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. 1963 பிப்ரவரி 5 அன்று வந்த தீர்ப்பு, இது ஒரு புதிய சட்ட ஒழுங்கு என்றது. இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அரசுகள் மட்டும் இல்லை, அந்த நாடுகளின் மக்களும்தான். அவர்களுக்கு இதில் உரிமைகள் உண்டு. அந்த உரிமைகளை அவரவர் நாட்டு நீதிமன்றங்கள் காக்க வேண்டும் என்றது.

சில சதவீத வரிக்காகத் தொடங்கிய வழக்கில் இவ்வளவு பெரிய வார்த்தையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆம், அவ்வளவு பெரியதுதான். உடன்படிக்கையின் முன்னால் அதுவரை வெறும் குடிகளாக நின்றவர்கள் அந்த நாளில் உரிமையாளர்கள் ஆனார்கள்.

அடுத்த ஆண்டே மிலானிலிருந்து ஒரு மின்கட்டண வழக்கு வந்தது. இத்தாலி 1962இல் மின்துறையை நாட்டுடைமையாக்கி எனெல் என்ற அரசு நிறுவனத்தை நிறுவியது. கையகப்படுத்தப்பட்ட மின் நிறுவனம் ஒன்றில் பங்கு வைத்திருந்த ஃப்ளாமினியோ கோஸ்தா என்ற வழக்கறிஞர், இரண்டாயிரம் லிராவுக்கும் குறைவான தன் மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்து வழக்குக்குப் போனார். நாட்டுடைமைச் சட்டம் ரோம் உடன்படிக்கைக்கு முரணானது என்பது அவர் வாதம். பிந்தி வந்த சட்டமே செல்லும், உடன்படிக்கை முந்தியது என்று இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம் 1964 மார்ச்சில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 15 அன்று லக்சம்பர்க் நேர் எதிராகச் சொன்னது. பொதுவாக ஏற்ற சட்டத்தை ஒவ்வொரு நாடும் பின்னால் இயற்றும் தன் சட்டத்தால் தள்ளிவிட முடிந்தால் பொதுச் சட்டம் என்ற ஒன்றே இருக்காது. ஆகவே பொதுச் சட்டமே மேலானது. கோஸ்தாவுக்குக் கைமேல் பலன் என்று பெரிதாக ஏதும் கிடைக்கவில்லை. எனெல் அப்படியே இருந்தது. தீர்ப்பின் கொள்கை மட்டும் நின்றது. இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம் அதற்கு முழுதாக இணங்கி வர 1984 ஆயிற்று. பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1989 வரை எடுத்துக்கொண்டது.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்! இந்தக் காலத்தை நான் தாமதமாகப் பார்க்கவில்லை. லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது, படை கிடையாது, ஜப்தி செய்ய அமீனாகூடக் கிடையாது. ஐரோப்பிய ஆணையத்தின் முதல் தலைவர் வால்டர் ஹால்ஸ்டைன் சட்டப் பேராசிரியர். இன்றைய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் சட்டத்தால் உண்டானது, சட்டம் ஒன்றே அதன் கருவி என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். படையில்லாத சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர்கள் யார்? மிலானிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஊர்பேர் தெரியாத சிறிய நீதிமன்றங்களில் உட்கார்ந்திருந்த நீதிபதிகள். வழக்கை நிறுத்திவைத்து லக்சம்பர்க்கைக் கேட்டு, வந்த பதிலைத் தம் நாட்டின் பெயரால் தீர்ப்பாக எழுதினார்கள். ஒரு ஜெர்மானியருக்கு அந்தத் தீர்ப்பு தன் ஊர் நீதிமன்றத்தில், தன் மொழியில், தன் நீதிபதியின் வாயிலாக வந்தது. அந்நியர் கட்டளையாக அது வரவில்லை. ஒன்றியத்தின் வெற்றிக்குப் பொருளாதாரக் காரணங்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் காரணத்தை அவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

இதுவரை சொன்னவை வணிகர், பங்குதாரர் வழக்குகள். சட்டம் எப்படி மக்கள் மனத்துக்குள் இறங்கியது என்பதைக் காண பெல்ஜியத்துக்குப் போக வேண்டும். ரோம் உடன்படிக்கையின் 119ஆம் பிரிவு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்றது. இது பெண்கள்மேல் கொண்ட கரிசனத்தால் மட்டும் எழுதப்பட்டதில்லை. பிரான்சில் சம ஊதியச் சட்டம் இருந்தது. பெண்களுக்குக் குறைந்த கூலி தரும் அண்டை நாடுகள் விலையில் தன்னை முந்திவிடும் என்று அது அஞ்சியதால் வந்த பிரிவு. எழுதி முடித்து ஆறு அரசாங்கங்களும் அதை மறந்தே போயின.

மறக்காதவர்கள் தொழிலாளிப் பெண்கள். 1966 பிப்ரவரியில் லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்தாலில், ஆயுதத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பன்னிரண்டு வாரம் நீடித்த போராட்டம் அது. அவர்கள் சுட்டிக்காட்டிய சட்டம் பெல்ஜிய நாட்டுச் சட்டம் இல்லை, ரோம் உடன்படிக்கையின் 119ஆம் பிரிவு! எண்ணெய்ப் பிசுக்கோடு இயந்திரத்தின் முன் நின்ற பெண்கள், ராஜதந்திரிகள் எழுதிவைத்த ஒரு பிரிவைத் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய அந்தக் காட்சிக்கு ஐரோப்பிய வரலாற்று நூல்கள் இன்னும் அதிகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

அந்தப் பெண்களின் பக்கம் நின்று சிந்தித்தவர் எலியான் வோகல்-போல்ஸ்கி என்ற வழக்கறிஞர். 119ஆம் பிரிவை எந்தப் பெண்ணும் நேரடியாக நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம் என்று எழுதியும் பேசியும் வந்தவர். சபீனா விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த கேப்ரியல் டெஃப்ரென் வழக்கை அவர் எடுத்தார். சபீனாவில் பணிப்பெண்கள் 40 வயதில் வேலையை விட்டுப் போக வேண்டும். அதே வேலை பார்த்த ஆண்கள் 55 வரை இருக்கலாம். ஊதியமும் பெண்களுக்குக் குறைவு. 1968இல் நாற்பது நிறைந்ததும் டெஃப்ரென் வெளியே அனுப்பப்பட்டார். ஒன்றன்பின் ஒன்றாக வழக்குகள் போட்டார். 1976 ஏப்ரல் 8 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம், 119ஆம் பிரிவைத் தனியார் முதலாளிக்கு எதிராகவும் நேரடியாகப் பயன்படுத்தலாம் என்றது. பழைய நிலுவை எல்லாவற்றையும் கொடுக்க நேர்ந்தால் தொழில்கள் நொடிந்துவிடும் என்று பிரிட்டனும் அயர்லாந்தும் முறையிட்டதால், அதற்கு முன் வழக்குப் போட்டவர்கள் தவிர மற்றவர்களுக்கு அன்றைய தேதியிலிருந்துதான் உரிமை என்றும் சொன்னது. அந்தக் கட்டுப்பாட்டை நான் சரியென்று ஏற்கவில்லை. இருபது ஆண்டாகச் சட்டத்தை மீறியவர்களுக்குச் செய்த சலுகை அது. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு டப்ளினில் ஒரு தட்டச்சுப் பெண்ணும் மிலானில் ஒரு தையல் தொழிலாளியும் ஒரே வாக்கியத்தைத் தங்கள் நீதிபதியிடம் படித்துக் காட்ட முடிந்தது.

இங்கே ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். ஐரோப்பாவின் பொதுச் சட்டம் 1957இல் பிறந்ததா, அது ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது ஆயிற்றே என்று சட்ட வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். பேரரசர் ஜஸ்டீனியன் ஆறாம் நூற்றாண்டில் தொகுப்பித்த ரோமானியச் சட்டம், பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் போலோன்யாவில் மீண்டும் பாடமாயிற்று. இர்னேரியுஸ் தொடங்கிவைத்த அந்த மரபுக்கு ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 1140இல் கிராசியன் திருச்சபைச் சட்டத்தைத் தொகுத்தார். இரண்டும் சேர்ந்து, லத்தீன் படித்த வழக்கறிஞர் எவரும் கண்டத்தின் எந்தப் பெரிய நகரத்திலும் பேசிப் புரியவைக்கக் கூடிய ஒரு பொதுச் சட்ட அறிவை உண்டாக்கின. போற்ற வேண்டிய சாதனைதான். ஆனால் அதைக் காட்டி, ஐரோப்பிய அடையாளம் அன்றே இருந்தது, நடுவில் தொலைந்தது, இப்போது மீட்கிறோம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சட்டம் படித்தவர்களின் சொத்து. உழவனும் வேலைக்காரியும் தங்கள் பிரபுவை எதிர்த்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வழியில்லை.

பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டம் தேசங்களின் உடைமையாக மாறியது. 1804இல் நெப்போலியனின் உரிமையியல் சட்டம், 1811இல் ஆஸ்திரியச் சட்டம், 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சட்டம். ஒரு மக்களின் சட்டம் அவர்கள் மொழியைப் போல அவர்களுடைய ஆன்மாவிலிருந்து வளர்வது என்று ஜெர்மன் சட்ட அறிஞர் சாவிக்னி 1814இல் எழுதினார். நெப்போலியனோ தன் சட்டத்தைப் படையோடு கொண்டுபோனான். அவன் படை தோற்றுத் திரும்பிய பிறகும் பெல்ஜியத்திலும் ரைன் ஆற்றங்கரையிலும் அந்தச் சட்டத்தை மக்கள் விடவில்லை. பிரபுக்களின் சலுகைகளை ஒழித்த சட்டம் அது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே உரிமையியல் சட்டம் கப்பலேறி இந்த ஊருக்கும் வந்தது. புதுச்சேரியில் நின்று பேசுகிறவன் இதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போலக் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியர் அப்படி வரலாகாது என்று நீதிபதி நடவடிக்கை எடுத்தார். வழக்கு பாரிஸ் வரை போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. 1881இல் வந்த ஆணை, பிறப்பு வழியில் வந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழி செய்தது. குடும்பப் பெயர் ஒன்றும் சூட்டிக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார். அவரைப் போலத் துறந்தவர்களை இந்த ஊர் ரெனோன்சான் என்று அழைக்கும். கிறிஸ்தவர்களும் சாதியால் ஒடுக்கப்பட்டோரும் அவர்களில் அதிகம். சட்டம் மாறினால் சமத்துவம் வரும் என்று நம்பிப் போனவர்கள். ஆனால் 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, சட்டம் துறந்தவர் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. ஒரே சட்டத்தின் கீழ் வந்தவர்களை ஒரே பட்டியலில் வைக்க மனம் வரவில்லை.

சட்டத்தைப் பகிர்ந்துகொண்டு குரலைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் காலனி ஆட்சி இல்லை. அப்படி ஒப்பிடுவது அநியாயம். ஆனால் இதே கேள்வி அங்கேயும் எழுந்தது. மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை 1993இல் ஒன்றியக் குடியுரிமையைக் கொண்டுவந்த பிறகு, ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த டீட்டர் கிரிம் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். பொது மொழி இல்லை, பொது ஊடகம் இல்லை, பொது விவாதம் இல்லை. ஐரோப்பிய மக்கள் என்று ஒரு மக்களே இல்லாதபோது ஐரோப்பாவுக்கு அரசமைப்பு எதற்கு என்று கேட்டார். மக்கள் முன்னால் இருந்து அரசமைப்பு பின்னால் வருவதில்லை, அரசமைப்பை உருவாக்கும் போக்கிலேயே மக்கள் உருவாகலாம் என்று ஜெர்மன் மெய்யியலாளர் யூர்கன் ஹாபர்மாஸ் பதில் சொன்னார்.

வரலாறு இருவருக்கும் ஒரு பாடம் வைத்திருந்தது. 2004இல் கையெழுத்தான ஐரோப்பிய அரசமைப்பு உடன்படிக்கையை 2005 மே 29 அன்று பிரெஞ்சு மக்கள் ஏறக்குறைய 55 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள். மூன்று நாள் கழித்து டச்சு மக்கள் 61 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் நிராகரித்தார்கள். அதற்கு மாற்றாக வந்து 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையில் அரசமைப்பு என்ற சொல் போயிற்று. கொடி, கீதம் பற்றிய பிரிவும் போயிற்று. பொதுச் சட்டத்தின் முதன்மைகூட உடன்படிக்கைக்குள் இடம்பெறாமல் இணைப்பு அறிவிப்பாகச் சேர்ந்தது. மேலிருந்து சூட்டிய அடையாளத்தை மக்கள் ஏற்கவில்லை. கீழிருந்து வழக்கு வழக்காகச் சேர்ந்த உரிமைகளை யாரும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஹாபர்மாஸ் சொன்னதில் பாதி சரி என்பேன். மக்கள் உருவாகும் வேலை அரசமைப்பு மாநாட்டில் நடக்கவில்லை. நீதிமன்றக் கூண்டில் நடந்தது.

எல்லோருக்கும் அப்படி நடந்ததா? இல்லை. இங்கிலாந்தைப் பாருங்கள். போலோன்யாவின் சட்டம் அங்கே ஒருபோதும் ஆட்சி செய்யவில்லை. நாடாளுமன்றத்துக்கு மேல் ஒரு சட்டம் இல்லை என்பதும், தங்கள் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் தலைமுறையாகக் கட்டிய பொதுவழக்குச் சட்டமும்தான் ஆங்கிலேயர் தங்களைப் பற்றி வைத்திருக்கும் படம். 1990இல் ஸ்பானிய மீன்பிடிப்போர் வழக்கில், நாடாளுமன்றம் இயற்றிய 1988ஆம் ஆண்டுக் கப்பல் சட்டத்தை நீதிபதிகள் ஒதுக்கிவைக்க நேர்ந்தது. ஒரு டச்சுக்காரருக்கு அது வெறும் தீர்ப்பு. பல ஆங்கிலேயருக்கு அது தங்கள் தன்மையின் மேல் விழுந்த அடி. சட்டமே அடையாளமாக இருக்கும் மக்களிடம் இன்னொரு சட்டம் வந்து மேலே உட்காரும்போது எழும் காயத்தை பிரெக்ஸிட் பற்றி எழுதுவோர் பலர் கவனிப்பதில்லை. 2016இல் பிரிட்டனில் 51.9 சதவீதம் பேர் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31 நள்ளிரவில் வெளியேறினார்கள்.

அந்த நள்ளிரவின் விலையையும் சொல்ல வேண்டும். 1984 முதல் பிரான்சில் வாழ்ந்துவந்த பிரிட்டிஷ் பெண்மணி ஒருவரின் பெயர் அவர் ஊரின் உள்ளாட்சி வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நெடுநாள் வெளிநாட்டில் இருந்ததால் பிரிட்டனிலும் அவருக்கு அப்போது வாக்கு இல்லை. அவர் லக்சம்பர்க் வரை போனார். ஒன்றியக் குடியுரிமை, உறுப்பு நாட்டுக் குடியுரிமையின் நிழலில் நிற்பது. அது போனால் இதுவும் போயிற்று என்று 2022 ஜூனில் தீர்ப்பு வந்தது. சட்டரீதியாகக் குறை காண்பது கடினம். முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த ஊரில் ஒருவரைக் குரலற்றவராக்கும் சட்டம் தன்னை அடையாளத்தின் ஊற்று என்று சொல்லிக்கொள்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இப்போது போலந்து. இந்த உரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இது. 2015இல் வந்த அரசாங்கம் அங்கே நீதித்துறையைக் கைக்குள் கொண்டுவர முனைந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 65ஆகக் குறைத்தது. நீதிபதிகளைத் தண்டிக்கத் தனி ஒழுங்கு அவை அமைத்தது. இது போலந்தின் உள்வீட்டு விஷயம் என்று தோன்றலாம். 2018இல் அயர்லாந்தில் ஒரு நீதிபதி அப்படி நினைக்கவில்லை. போலந்தில் தேடப்பட்ட ஒருவரைப் பொதுவான கைது ஆணையின்படி அங்கே அனுப்ப வேண்டிய கட்டம். நீதிபதிகள் சுதந்திரமாக இல்லாத நாட்டுக்கு ஒரு மனிதரை நான் எப்படி அனுப்புவேன் என்று லக்சம்பர்க்கைக் கேட்டார் அந்த நீதிபதி. பொதுச் சட்டத்தின் பொருள் இதுதான், நண்பர்களே. வார்சாவில் நீதிபதி அஞ்சினால் டப்ளினில் தீர்ப்பு எழுதும் கை நடுங்கும்.

2020 ஜனவரி 11 அன்று வார்சாவில் ஓர் ஊர்வலம் நடந்தது. ஆயிரம் அங்கிகளின் ஊர்வலம் என்று அதற்குப் பெயர். போலந்து நீதிபதிகளோடு, ஐரோப்பாவின் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த நீதிபதிகள் தத்தம் நாட்டு நீதிமன்ற அங்கியை அணிந்து தெருவில் நடந்தார்கள். நீதிபதிகள் தெருவுக்கு வருவது எங்கும் வழக்கமில்லை. வந்தவர்கள் தங்கள் நாட்டுக்காக வரவும் இல்லை. கண்டத்தின் பொது அடையாளத்தைக் கண்ணால் காட்டு என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

அதன்பின் மோதல் முற்றியது. 2021 அக்டோபர் 7 அன்று போலந்தின் அரசமைப்புத் தீர்ப்பாயம், ஒன்றிய உடன்படிக்கையின் அடிப்படைப் பிரிவுகள் சில போலந்து அரசமைப்புக்கு முரண் என்றது. அதே மாதம் 27 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம், ஒழுங்கு அவையை நிறுத்தாததற்காகப் போலந்துக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2023 ஏப்ரலில் அது பாதியாகக் குறைந்தது. மொத்தம் ஐம்பது கோடி யூரோவுக்கு மேல் சேர்ந்தது. ஆணையம் அதைப் போலந்துக்குச் சேர வேண்டிய நிதியிலிருந்து கழித்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 16 அன்று, போலந்தும் ஹங்கேரியும் தொடுத்த வழக்கில் லக்சம்பர்க் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மனித மாண்பு, சுதந்திரம், சமத்துவம், சட்டத்தின் ஆட்சி முதலான விழுமியங்களே ஒரு பொதுச் சட்ட ஒழுங்கு என்ற முறையில் ஒன்றியத்தின் அடையாளத்தை வரையறுக்கின்றன என்று நீதிமன்றமே எழுதியது. தேசிய அடையாளம் என்ற வாதத்துக்கு எதிரே, எங்களுக்கும் ஓர் அடையாளம் உண்டு என்று அது சொன்னது.

அபராதம் போலந்தை மாற்றியதா? அபராதத்தால் மட்டும் ஒரு நாடு மாறாது. 2023 அக்டோபர் 15 அன்று போலந்தில் நடந்த தேர்தலில் 74 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள்; 1989இன் புகழ்பெற்ற தேர்தலில்கூட அத்தனை பேர் வரவில்லை. ஆட்சி மாறியது. வாக்களித்தவர்களுக்கு விலைவாசி, கருக்கலைப்புச் சட்டம் என்று பல காரணங்கள் இருந்தன. நீதிமன்றங்களைக் காக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஐரோப்பியக் கொடியும் போலந்துக் கொடியும் ஏந்தித் தெருவில் நின்றவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். இரண்டு கொடியையும் ஒரே கையில் பிடித்தவர்கள் அவர்கள். ஐரோப்பியக் கொடிக்குச் சட்டப் பிரிவில் இடம் இல்லாமல் போனதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

கடைசியாக, இந்தச் சட்டம் யாருக்கு உரியது என்ற கேள்வி. லக்சம்பர்க் நீதிமன்றத்திலிருந்து வேறானது ஸ்ட்ராஸ்பூரில் உள்ள மனித உரிமை நீதிமன்றம். 1950இல் ரோமில் கையெழுத்தான மனித உரிமை உடன்படிக்கையைக் காப்பது அது. ரஷ்யா 2022இல் நீக்கப்பட்ட பின் 46 நாடுகள் அதில் உள்ளன. அதன் 3ஆம் பிரிவு, யாரையும் சித்திரவதைக்கோ மனிதத்தன்மையற்ற நடத்தைக்கோ உள்ளாக்கக் கூடாது என்கிறது. யாரையும் என்றால் ஐரோப்பியர் அல்லாதவரையும்தான்.

அந்தக் கதவை நம் மக்களும் தட்டியிருக்கிறார்கள். 1987இல் இலங்கையிலிருந்து பிரிட்டனுக்குத் தஞ்சம் தேடிப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் அடுத்த ஆண்டு திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பியபின் அவர்களில் சிலர் துன்புறுத்தப்பட்டார்கள். பிரிட்டனிலேயே மேல்முறையீட்டில் அவர்களுக்குத் தஞ்சம் தந்திருக்க வேண்டும் என்று முடிவாகி, 1989இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆனால் ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றம் 1991இல், அனுப்பியபோது 3ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் உறுதியான கருத்து. பதினேழு ஆண்டு கழித்து, 2008 ஜூலையில், பெயர் வெளியிடப்படாத இன்னொரு இலங்கைத் தமிழரை பிரிட்டன் திருப்பி அனுப்பினால் அது 3ஆம் பிரிவை மீறும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்குகளில் ஐரோப்பா தன் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவரின் முன்னால் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருமுறை தவறியது, ஒருமுறை நின்றது. இன்று தஞ்சம் கேட்டு வருவோரைக் கடலிலும் முள்வேலியிலும் தடுத்து நிறுத்தும் அரசாங்கங்கள் அங்கே பெருகியிருக்கின்றன. சட்டத்தால் ஆன ஐரோப்பா பிழைக்குமா என்பது பிரஸ்ஸல்ஸின் கூட்ட அரங்குகளைவிட அந்த வேலியோரத்தில்தான் முடிவாகும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த 1991, 2008 தீர்ப்புகள் இரண்டையும் முழுதாகப் படியுங்கள். ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரும்பான்மைத் தீர்ப்போடு, அந்த ஒரே ஒரு நீதிபதி ஏன் மாறுபட்டார் என்பதையும் படியுங்கள். பிறகு தெற்காசியாவைப் பாருங்கள். சார்க் அமைப்பு 1985இல் தொடங்கியது. தன் அரசுக்கு எதிராக ஒரு மனிதர் போய் நிற்க அதற்கு ஒரு நீதிமன்றம் இன்றுவரை இல்லை.